படுக்கை இல்லாத இடத்தில் சங்கிலி

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள்.

பேய், செய்வினை என்னும் மூடநம்பிக்கையைக் கண்டித்தோம். சரிதான். ஆனால், பெற்ற பிள்ளையை அங்கே விட்டுவந்த ஏழைத் தாய்க்கு அருகில் ஒரு மருத்துவமனைப் படுக்கை இருந்ததா என்று கேட்டோமா?

1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையையே இன்றும் பல மாவட்டத்து ஏழைகள் நம்பியிருக்கிறார்கள். அங்கும் குணமானவர்கள் பலர், அழைத்துப்போக ஆளின்றி ஆண்டுக்கணக்கில் கிடக்கிறார்கள். நோய் முற்றி வருபவருக்கான இடம் அப்படித்தான் அடைபடுகிறது. பணமுள்ளவர் தனியாரிடம் போவார். அன்றாடக் கூலியை இழந்து, வெறிகொண்ட மகனைப் பேருந்தில் ஏற்றிச் சென்னை வர வேண்டியவர் யார்? சேரியில் இருப்பவர்தான்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக எவரையும் மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் அவசர மனநலப் படுக்கைகள் வேண்டும். குணமானவர்கள் மானத்தோடு வாழ இல்லங்கள் வேண்டும். இது கருணை அல்ல, உரிமை. அரசு படுக்கை போடாத இடத்தில்தான் எவனோ சங்கிலி போடுகிறான்.