ஆணை கைக்கு வந்த மறுநாள்

கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அங்கே போயிருந்தேன். தலைமையாசிரியர் வட்டார வளமையத்தில் கூட்டம் என்று கிளம்பிவிட்டிருந்தார். இடைநிலை ஆசிரியை ஒருவர் மட்டும் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு நின்றார். அன்று வந்திருந்தது நாற்பத்தொரு பிள்ளைகள். கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் நாலாம் வகுப்புக்கு வகுத்தல், வலப்பக்கம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். மூன்றாம் வகுப்பு வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தது. ஒன்றும் இரண்டும் மூலையில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு வைத்துக்கொண்டிருந்தன. மேசைமேல் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. ஏதோ விவரத்தைப் பதினோரு மணிக்குள் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டுமாம்.

ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து வந்து சிலேட்டை நீட்டினான். வரிசையாக 'க' எழுதியிருந்தான். அத்தனையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திரும்பிக் கிடந்தன. டீச்சர் அவன் கையைப் பிடித்து ஒருமுறை எழுதிக் காட்டினார். அவன் தலையாட்டிவிட்டுப் போய் மறுபடி அதே மாதிரி எழுதினான்.

அவருக்குத் தென்காசிப் பக்கம். நானும் நெல்லைக்காரன் என்று தெரிந்ததும் சாரை விட்டு அண்ணாச்சிக்கு வந்துவிட்டார். "மூணு மாசமா இப்படித்தான் எழுதுதான் அண்ணாச்சி. வயசு கூடக் கூடச் சரியாயிருமா, இல்ல டாக்டர்ட்ட காட்டணுமான்னு தெரியல. பியாஜே சொன்ன நாலு நிலையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவேன். இத யார்ட்ட கேக்கது?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த இதழின் தலையங்கத்துக்கு வேறொரு பொருளை வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நல்ல ஆசிரியர் வேண்டும் என்று பேசத் தொடங்கும்போதெல்லாம் நம் பேச்சு தேர்வில் போய் நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, 2010 ஆகஸ்டு 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட அறிவிக்கை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12 அன்று நடந்தது. 150 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மீண்டும் நடத்தியபோது சுமார் 19,000 பேர் தேறினார்கள். மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் பேருக்குத் திடீரென்று அறிவு வந்துவிடவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் அளக்கப்பட்டது பெரும்பாலும் அவர்களின் வேகம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய துயரமாகப் படுகிறது. 2014-இல் தரவரிசைக்குப் புதிய வெயிட்டேஜ் முறை வந்தது. டெட் மதிப்பெண்ணுக்கு 60, மீதி 40 பிளஸ் டூவுக்கும் பட்டத்துக்கும் பயிற்சிக்கும். மதிப்பெண்ணைக் கையிறுக்கி வழங்கிய காலத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள், டெட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தும் பின்னால் தள்ளப்பட்டார்கள். 2018-இல் வெயிட்டேஜை எடுத்துவிட்டு, டெட் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள். இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தப் போட்டித் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். முதலில் 1,768 இடம் என்று அறிவித்துப் பிறகு 2,768 ஆக்கினார்கள். இடையில் வயது வரம்பையும் தளர்த்த வேண்டியதாயிற்று. 2023-இல் அதைப் பொதுப்பிரிவுக்கு 53 என்றும் மற்றவர்களுக்கு 58 என்றும் உயர்த்தினார்கள். காத்திருந்தவர்களுக்கு அது நியாயம்தான். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, எழுந்து, ஓடி, ஆடிக் கற்பிக்க வேண்டிய வேலைக்கு, ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது ஒருவர் புதிதாகச் சேரலாம் என்று விதி எழுத வேண்டிய நிலைக்கு நாம் எப்படி வந்தோம்?

தென்காசி டீச்சர் 2013-இல் டெட் தேறியவர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பணி ஆணை கைக்கு வந்தபோது முப்பத்தெட்டு. இடைப்பட்ட காலத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறார். கடைசியாக வாங்கிய சம்பளம் ஒன்பதாயிரம். பிறகு வீட்டிலேயே தையல். ஒரு மனுஷிக்குக் கற்றுக்கொடுக்கும் வேகமும் ஆசையும் பொங்கியிருக்கிற பன்னிரண்டு வருடம் அப்படிப் போயிருக்கிறது.

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் ஆள் எடுத்த காலத்தையும் பொற்காலமாகப் பாட எனக்கு மனமில்லை. பின்னத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர் பின்னம் நடத்தக் கூடாது. அதைச் சோதிக்க ஒரு தேர்வு வேண்டும். ஆனால் குழந்தையின் சிலேட்டைப் பார்த்து, அது எந்த இடத்தில் இடறுகிறது என்று கண்டுபிடிக்கிற திறனை எந்தக் கொள்குறி வினாவும் அளக்காது. அது வகுப்பறையில்தான் வரும், அதுவும் பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் விரைவாக வரும்.

பயிற்சிக் காலத்தில் அது கிடைக்கிறதா என்று பார்த்தால், அங்கும் கைவிரிப்புதான். 2012-இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான ஆணையம் ஆசிரியர் கல்வியை ஆராய்ந்தபோது, நாட்டின் பயிற்சி நிறுவனங்களில் பத்தில் ஒன்பது தனியார் கையில் இருந்தன. அவற்றில் பலவற்றின் தரம் பற்றி ஆணையம் கடுமையாகவே எழுதியது. 2015 முதல் பி.எட். இரண்டு வருடமாயிற்று. அதில் இருபது வாரம் பள்ளியில் கழிய வேண்டும் என்பது விதி. அந்த இருபது வாரம் எப்படிக் கழிகிறது என்று பயிற்சிக்குப் போனவர்களைக் கேட்டால் தெரியும். விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, ரெக்கார்டு நோட்டு எழுதுவது, எழுத நேரமில்லாவிட்டால் காசு கொடுத்து எழுதி வாங்குவது, தேர்வுக் கமிஷன் வரும் நாளைக்கு சார்ட் ஒட்டுவது. பாடம் நடத்தும்போது பின் வரிசையில் ஒருவர் உட்கார்ந்து முழுவதும் கேட்டு, முடிந்ததும் மரத்தடியில் வைத்து, "அந்தப் பிள்ளை மூணு தடவை கையைத் தூக்குச்சு, நீங்க பாக்கவே இல்ல" என்று சொன்ன அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கிறது? நான் விசாரித்தவரையில் மிகச் சிலருக்குத்தான்.

என் அம்மா இடைநிலை ஆசிரியையாக இருந்தவர். 1971-இல் அவர் சேர்ந்த பள்ளி ஒரே நீளக் கூடம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் ஒரு மூத்த டீச்சர் ஒன்றாம் வகுப்பு நடத்துவாராம். அவர் ஒரு சொல்லை எப்படி உடைக்கிறார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார், கதையை எங்கே நிறுத்திப் பிள்ளைகளைக் கேட்க வைக்கிறார் என்பதெல்லாம் தட்டி வழியாக அம்மாவின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மத்தியானச் சாப்பாட்டின்போது சந்தேகம் கேட்பாராம். "டிரெய்னிங்ல ரெண்டு வருஷம் படிச்சேன், தட்டிக்கு இந்தப் பக்கம் உக்காந்துதான் டீச்சரானேன்" என்பார். அந்தக் கூடத்தில் பிரம்பும் இருந்தது, சாதி பார்த்து உட்கார வைத்ததும் இருந்தது, அம்மாவே சொல்லியிருக்கிறார். அந்தக் காலம் திரும்ப வேண்டாம். புதிதாக வந்தவருக்குப் பக்கத்தில் தேர்ந்த ஒருவர் இருந்தார் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்று அதற்கு நேர் எதிராக நடக்கிறது. யாரும் திட்டமிடாமலே நடக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். காகிதத்தில் முப்பதுக்கு ஒருவர். ஆனால் வகுப்பு ஐந்து. ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் மற்றவர் தனியாள். சாலை வசதியும் வீட்டு வசதியும் உள்ள ஊர்கள் மாறுதல் கலந்தாய்வில் மூப்புப்படி முதலில் போய்விடுகின்றன. எல்லோரும் எடுத்து மிச்சமிருக்கும் இடங்கள் புதிதாக வருபவர்களுக்கு. மிச்சமிருப்பவை பெரும்பாலும் மலையும் மலையடிவாரமும் பேருந்து இரண்டே முறை வருகிற ஊர்களும்தான். ஆக, அனுபவம் துளியும் இல்லாதவர், பாடம் நடத்த மிகக் கடினமான இடத்துக்கு, கேட்க ஆளில்லாமல் போகிறார். மருத்துவத்தில் முதல் வருட டாக்டரைத் தனியாக அறுவை அரங்கில் விட மாட்டோம். இங்கே ஆணை கைக்கு வந்த மறுநாளே ஐந்து வகுப்பைக் கொடுத்துவிடுகிறோம்.

பிறகு அவர் என்ன செய்வார்? தெற்கு மாவட்டங்களிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் வந்தவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது ஆசிரியர் குடும்பங்களில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த கலந்தாய்வு. அது கிடைக்காவிட்டால் இன்னொருவரோடு இடம் மாற்றிக்கொள்ளும் மியூச்சுவல். குழந்தை அங்கே, வேலை இங்கே, வாரக் கடைசியில் இரவுப் பேருந்து என்று எத்தனை வருடம் ஓட முடியும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒருவர் அந்த ஊரின் பேச்சைக் கற்று, எந்த வீட்டில் யார் குடிக்கிறார், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று தெரிந்துகொண்டு, பாடம் பிடிபடத் தொடங்கும் வருடத்தில் கிளம்பிவிடுகிறார். மறுபடி ஒரு புதியவர். மலைப்பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஒருவர் கற்றுக்குட்டியாக இருக்கும் காலத்தை மட்டுமே பெறுகிறார்கள்.

நம் ஊரில் அரசு ஆசிரியர் வேலையை விட்டுப் போவதில்லை. அதனால் நமக்கு ஆசிரியரைத் தக்கவைக்கும் பிரச்சினையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதவியில் இருந்துகொண்டே மனத்தால் விலகிப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களும் ஒருகாலத்தில் ஆசையோடு வந்தவர்கள்தான். ஊதியத்தில் உள்ள ஓட்டையும் அதில் சேர்கிறது. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே வேலை, 3,170 ரூபாய் வித்தியாசம். அதன் மேல் ஏறும் படிகளால் அது ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. பட்டினிப் போராட்டம் வரைக்கும் போனார்கள்.

தற்காலிக ஏற்பாடுகள் இன்னும் மோசம். 2022-இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நிரப்பச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 என்று நிர்ணயித்தார்கள். இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 288 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையின் கூலி 281. நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்ணின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவள் பெற்ற பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவருக்கு நாம் வைத்த விலையைச் சொல்கிறேன்.

இப்போது உச்ச நீதிமன்றம், 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்றிருக்கிறது. அவரவர் சேர்ந்த காலத்து விதிப்படி முறையாக வந்தவர்கள் அவர்கள். இருபது வருடம் ஒன்றாம் வகுப்பு நடத்தியவர் மாலையில் கோச்சிங் சென்டருக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். கண்ணாடி எழுத்துக்கு என்ன செய்வது என்று அந்தத் தென்காசி டீச்சருக்குச் சொல்லக்கூடியவர் அவர்தான். அவரை அங்கே அனுப்ப வழி செய்யாமல், அந்த டீச்சர் என்றோ தேறிய அதே தேர்வின் முன்னால் உட்கார வைக்கிறோம்.

செய்ய வேண்டியவை ஒன்றும் பெரிய ரகசியம் அல்ல. ஆள் எடுப்பதை வருடம் தவறாமல் நடத்துங்கள். இருபத்தைந்து வயதில் ஆசையோடு வருபவரை நாற்பது வரை காக்க வைக்காதீர்கள். சேர்ந்தவரை முதல் ஒரு வருடம் பெரிய பள்ளியில், பெயர் சொல்லி ஒரு மூத்த ஆசிரியரின் பொறுப்பில் விடுங்கள். அந்த மூத்தவருக்கு வாரத்தில் இத்தனை பாடவேளை இதற்கென்று ஒதுக்குங்கள். எமிஸ் வேலையை அவர் தலையிலிருந்து இறக்குங்கள். ஈராசிரியர் பள்ளிகளுக்கு, ஒருவர் வெளியே போகும் நாளில் வந்து நிற்க ஒன்றியத்துக்குச் சில மாற்று ஆசிரியர்களை நிரந்தர ஊதியத்தில் வையுங்கள். மலைக்குப் போகிறவருக்குக் குடியிருக்க வீடு கட்டிக் கொடுங்கள். இதில் எனக்கு மிக அவசரமாகப் படுவது அந்த முதல் வருடம். மற்றவற்றுக்குப் பணம் வேண்டும். இதற்கு மனமும் ஒரு அரசாணையும் போதும்.

அன்று ஊருக்குத் திரும்பியதும், ஓய்வுபெற்ற ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் அந்தச் சிலேட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது: "ஆறு வயசுல நிறையப் பிள்ளைங்க அப்படித்தான் எழுதும் தம்பி, பயப்பட வேண்டாம். சிலேட்ட எடுத்து வெச்சுட்டு மணல்ல விரலால பெருசா எழுத விடச் சொல்லுங்க. எங்க தொடங்கணும்னு ஒரு புள்ளி வெச்சுக் கொடுக்கணும். அப்படியும் ஏழு, ஏழரை வயசு தாண்டி நின்னுச்சுன்னா டாக்டர்ட்ட காட்டலாம்." டீச்சரின் எண்ணை அவருக்கு அனுப்பினேன். இருவரும் அன்று இரவு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். இப்போது வாரம் இரண்டு முறை பேசுகிறார்களாம்.

இந்த இதழிலிருந்து 'முதல் வருடம்' என்ற பகுதியைத் தொடங்குகிறோம். பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் பதில் தெரியாமல் நின்ற ஒரு தருணத்தை ஆசிரியர்கள் எழுதி அனுப்பலாம். கையெழுத்துப் பிரதியானாலும் சரி, குரல் பதிவானாலும் சரி. பெயரும் ஊரும் வெளியிட மாட்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த 'க' எழுதிய பையனின் சிலேட்டில்தான் முதல் பக்கம் தொடங்குகிறது.