திட்டம் உண்டு, சட்டம் இல்லை

1920-ஆம் ஆண்டு சென்னையில் குழந்தைகளுக்காக இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று எல்லாருக்கும் தெரியும். பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தீர்மானம் நிறைவேற்றியது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் கல்லூரியைத் தாண்டிப் போகிற யாரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் சிறார் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் சிறார் சட்டம் அது. குற்றம் செய்த சிறுவனையும், வீடில்லாமல் பிச்சையெடுத்துத் திரியும் சிறுவனையும் என்ன செய்வது என்று அது சொன்னது. பிடி, நீதிமன்றத்தில் நிறுத்து, விடுதிப் பள்ளிக்கு அனுப்பு.

சோறு தீர்மானமாகப் பிறந்தது, பிடிப்பது சட்டமாகப் பிறந்தது. இரண்டுக்கும் அடுத்து என்ன ஆனது என்று பாருங்கள். தொடக்கக் கல்விக்கான நிதியை இதற்கெல்லாம் செலவழிக்கக் கூடாது என்று மேலே இருந்த அரசாங்கம் சொன்னது. 1925 ஏப்ரல் 1-இலிருந்து சோறு நின்றது. பிறகு வேறு வடிவத்தில் திரும்பி வந்தது, அது வேறு கதை. சிறார் சட்டத்தை அப்படி யாரும் ஒரு கடிதத்தால் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. 1986-இல் மத்திய அரசின் இளைஞர் நீதிச் சட்டம் வருகிறவரை அது நின்று நடந்தது.

நூறு வருடம் தாண்டியும் நம் சட்டமன்றத்துக்கு இந்தப் புத்தி மாறவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்து எடுத்துப்போகச் சட்டம் இருக்கிறது. குடும்பத்தோடு வைத்துக்கொள்ள வெறும் திட்டம்தான் இருக்கிறது.

'சட்டமோ திட்டமோ, காசு வந்தா சரிதானே?' என்று கேட்பீர்கள். சரியில்லை. ஏன் என்று வடசென்னையிலிருந்தே சொல்கிறேன்.

2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, சென்னையில் முதலில் வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குத்தான் வந்தது. நல்ல காரியம். அதே பிள்ளைக்கு அதே தட்டில் மதியமும் சோறு விழுகிறது. ஆனால் மதியச் சோறு 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பிள்ளையின் உரிமை. போடாவிட்டால் அதற்கு ஈடாகப் படி கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. பியூசிஎல் தொடுத்த வழக்கில், பள்ளிகளில் சமைத்த உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் ஆனது. காலை உணவுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாளைக்கு நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் அம்மா எந்தக் கதவைத் தட்டுவாள்? எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பேச்சு உண்டு: இது கன்ஃபிக் ஃபைலில் இருக்கிற மதிப்பு, பாஸ்வேர்டு வைத்திருப்பவர் எப்ப வேணும்னாலும் மாத்தலாம்.

மகளிர் உரிமைத் தொகையையும் இதோடு வைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். பெயரிலேயே 'உரிமை' இருக்கிறது. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது.

சரி, குழந்தைக்கு வருவோம். இந்த மாநிலத்தில் ஒரு குழந்தையின் அப்பா செத்துப்போனால் அரசு எவ்வளவு கொடுக்கும்? அது அவர் எப்போது, எதனால் செத்தார் என்பதைப் பொறுத்தது. கொரோனாவில் அப்பா அம்மா ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம், இருவரையும் இழந்தால் 5 லட்சம், உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 என்று 2021-இல் அறிவித்தார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவில் மாதம் 4,000. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. மூன்றும் நல்ல மனதோடு வந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் பசி ஒன்று, தொகை மூன்று. சாவில் கூட வகை பிரித்து வைத்திருக்கிறோம்.

அந்த 4,000-க்கு வருமான வரம்பு ஒன்று உண்டு. நகரத்தில் ஆண்டுக்கு 96,000 ரூபாய், அதாவது மாதம் 8,000. திருவொற்றியூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து ஒன்பதாயிரம் சம்பாதிக்கிற, புருஷன் விட்டுப்போன ஒரு பெண், இந்தக் கணக்கில் வசதியானவள்! அவள் மனுவைத் தள்ளினால் எத்தனை நாளில், என்ன காரணம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று உறுதி சொல்லும் சட்டம் எங்கே?

மறுபக்கம் சட்டம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது பாருங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில், குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். எந்த இல்லம், என்ன பதிவு, யார் பொறுப்பு, எல்லாம் இருக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று மூன்றாம் பிரிவு அழகாகக் கொள்கையும் பேசுகிறது. அந்தக் கடைசி வழிக்கு முந்தைய வழி என்ன? 45-ஆம் பிரிவு: நிதி ஆதரவுத் திட்டங்களுக்கு மாநில அரசு விதிகள் வகுக்க வேண்டும். குழந்தை கேட்டு வாங்கக்கூடிய தொகை எதையும் அந்தப் பிரிவு சொல்லவில்லை.

அதனால் என்ன நடக்கும்? கஷ்டம் முற்றிய வீட்டில் அம்மாவே, 'ஹோம்ல சேத்துட்டா மூணு வேளை சோறாவது கிடைக்கும்' என்று முடிவெடுப்பாள். வறுமையைத் தவிர எந்தக் குற்றமும் செய்யாத குடும்பத்திலிருந்து பிள்ளை போய்விடும். போன இடம் எப்படி இருக்கும் என்பதற்கு ராயபுரமே சாட்சி. 2020 ஜூனில் ராயபுரம் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா. உச்ச நீதிமன்றம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. இது தொற்று, யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லலாம். 2022 டிசம்பர் 31-இல் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில், பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன் இறந்தான். இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அது தொற்று இல்லை. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு வந்தது, இல்லங்களை எப்படிச் சீர்திருத்தலாம் என்று அறிக்கை தந்தது. தேவையான அறிக்கைதான். ஆனால் இல்லத்தைச் சீர்திருத்துவதும், பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பாமல் இருப்பதும் வேறு வேறு வேலை.

குழந்தைக் காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஐம்பது பேர் வேலை செய்கிற நிறுவனத்தில் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓஎம்ஆரில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சட்டம். காசிமேட்டில் விடியுமுன்னே ஏலத்தில் மீன் எடுக்கப் போகிற பெண்ணுக்கு முதலாளியே கிடையாது. முதலாளி இல்லையென்றால் காப்பகமும் இல்லை. அங்கன்வாடி திறப்பதற்குள் அவள் கூடையே காலியாகியிருக்கும். அவ்வளவு நேரம் அந்தக் குழந்தை யாரிடம் இருக்கும்? எட்டு வயது அக்காவிடம்.

நாம் இந்த ஊரைத் திரையில் பார்த்து ரசிக்கிறோம். கத்தி எடுத்த பையனின் நடையை, பேச்சை ரீல்ஸ் போடுகிறோம். அவனுடைய எட்டு வயதில் அரசு எங்கே இருந்தது என்று கேட்பதில்லை. அவன் கத்தி எடுத்தபிறகு மட்டும் சட்டமன்றத்துக்கு வேகம் வந்துவிடும். தண்டனைச் சட்டம் என்றால் நம் அவை எவ்வளவு வேகம் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் மசோதாக்கள் 2025 ஜனவரி 10-இல் தாக்கலாகி 11-இல் நிறைவேறின. அது தப்பு என்று சொல்லவில்லை. இரண்டு நாளில் முடியும் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். நலன் என்று வந்தால் 110-ஆவது விதியில் ஓர் அறிவிப்பு. அந்த விதியில் படிப்பதன் மேல் விவாதம் கிடையாது, மேஜை தட்டுவது மட்டும் உண்டு.

இனி எதிர்வாதங்கள். 'இது மத்திய அரசு வேலை' என்பார்கள். அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் சிறார் ஐந்தாவது, சமூகப் பாதுகாப்பு இருபத்து மூன்றாவது. மாநிலம் சட்டம் போடலாம். மாநில உரிமை பேசுகிறவர்கள் இருக்கிற உரிமையை முதலில் எடுத்துப் பயன்படுத்தட்டும்.

'முன்னுதாரணம் இல்லை' என்பார்கள். ராஜஸ்தான் 2023 ஜூலையில் குறைந்தபட்ச வருமான உறுதிச் சட்டம் நிறைவேற்றியது. முதியோர், விதவைகள், தனித்து வாழும் பெண்களின் ஓய்வூதியத்தை, ஆண்டுதோறும் 15 சதவீத உயர்வோடு சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அவ்வளவு தூரம் ஏன்? உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியங்களே இந்த மாநிலம் 1982-இல் போட்ட சட்டத்திலிருந்து வந்தவைதான்.

'காசு கொடுத்தா அப்பன் குடிச்சுடுவான்' என்பதுதான் எப்போதும் கடைசியாக வரும். டாஸ்மாக்கை நடத்துகிற அரசின் வாயிலிருந்து இது வருவதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவின் கணக்கில் போடுங்கள். உரிமைத் தொகைக்கு அப்படித்தானே செய்தீர்கள்?

மசோதாவில் நான்கு விஷயம் போதும். அப்பா அம்மா எதனால் இல்லாமல் போனாலும் ஒரே தொகை, விலைவாசியோடு சேர்ந்து ஏற வேண்டும். மனு கொடுத்த 30 நாளில் எழுத்தில் பதில், மறுத்தால் மேல்முறையீடு. முதலாளி இல்லாத பெண்கள் வேலை செய்யும் இடங்களில், அவர்கள் வேலை நேரத்துக்குத் திறக்கும் காப்பகம். நான்காவது, வறுமையால் மட்டும் ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்க்க வேண்டி வந்தால், அதற்கு முன் குடும்பத்துக்கு என்ன உதவி கொடுக்கப்பட்டது என்று குழந்தைகள் நலக் குழு உத்தரவிலேயே எழுத வேண்டும். எழுத எதுவும் இல்லையென்றால் சேர்க்கக் கூடாது, உதவியை முதலில் கொடுக்க வேண்டும்.

ராயபுரத்துக்கும், திருவொற்றியூருக்கும், ஆர்.கே.நகருக்கும் அடுத்தமுறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் புதுத் திட்டங்களின் பெயர்ப் பட்டியலோடு வருவார்கள். பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். இதில் எது சட்டம், எத்தனையாவது பிரிவு, கொடுக்காவிட்டால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று மட்டும் கேளுங்கள்.