மினரல் சன்ஸ்கிரீனா, ஜிங்க் சன்ஸ்கிரீனா... எதை வாங்கலாம்?

வெயில் காலம் வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் இந்தக் குழப்பமும் வந்துவிடும். ஒரு டியூபில் 'நேச்சுரல் மினரல்' என்றிருக்கும். பக்கத்து டியூபில் 'ஜிங்க்' என்றிருக்கும்.

உண்மையில் இவை வேறு வேறு அல்ல. மினரல் சன்ஸ்கிரீனில் வெயிலைத் தடுப்பது ஜிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு. சிலவற்றில் இரண்டும் இருக்கும். 'நேச்சுரல்' என்ற வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுக்காமல், டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

சருமத்தைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யுவிபி கதிர்களை இரண்டுமே தடுக்கும். ஆழமாக ஊடுருவி, கருமையும் சுருக்கமும் தரும் யுவிஏ கதிர்களை அதிகம் தடுப்பது ஜிங்க்தான்.

முகத்தில் திட்டுத்திட்டாக வெள்ளை தெரிகிறதா? அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த 'டின்ட்' வகையை வாங்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் மங்கு அதிகமாகும் என்பதால், மங்கு இருப்பவர்களுக்கும் இதுவே நல்லது.

'கேலமைன் லோஷனிலும் ஜிங்க் இருக்கிறதே, அதையே பூசலாமே?' என்பார்கள் சிலர். வேண்டாம். அது அரிப்புக்கான மருந்து, சன்ஸ்கிரீன் அல்ல.

கவனிக்க வேண்டியவை:

* எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். 'பிராட் ஸ்பெக்ட்ரம்' அவசியம்.

* முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீள அளவு.

* வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

* 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு கிரீம் வேண்டாம். நிழலும் பருத்தி உடையும் போதும்.

எதைப் பூசினாலும், உச்சி வெயிலில் குடையை மறக்காதீர்கள்!