லினக்சில் குப்பை கூட்டும் முன்...

விண்டோசிலிருந்து லினக்சுக்கு வருபவர்கள் பழைய பழக்கம் ஒன்றையும் கூடவே கொண்டு வருகிறார்கள். அடிக்கடி "கிளீன்" செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்ற பயம்தான் அது. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் பயன்படுத்துவோர் டெர்மினலில் பேக்கேஜ் பட்டியலைப் பார்த்தால் இந்தப் பயம் இன்னும் கூடும். என்றோ நீக்கிய புரோகிராம்களின் பெயர்கள் அதில் அப்படியே நிற்கும்!

இது கோளாறு அல்ல. டிபிகேஜி தரும் பட்டியலில் ஒவ்வொரு வரியும் இரண்டு எழுத்துகளுடன் தொடங்கும். "ஐஐ" என்றால் புரோகிராம் இன்ஸ்டால் ஆகி இருக்கிறது. "ஆர்சி" என்றால் புரோகிராம் நீக்கப்பட்டுவிட்டது; அதன் செட்டிங்ஸ் பைல்கள் மட்டும் பாக்கி. ரிமூவ் கட்டளை இவற்றை வேண்டுமென்றேதான் விட்டு வைக்கிறது. நாளை அதே புரோகிராமை மீண்டும் நிறுவினால், நீங்கள் செய்த மாற்றங்கள் கைவசம் இருக்கும். பர்ஜ் கட்டளைதான் இவற்றையும் சேர்த்து அழிக்கும்.

அப்படியானால் எல்லா "ஆர்சி" வரிகளையும் ஒரே கட்டளையில் அழித்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. இதில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. இந்தப் பைல்கள் பெரும்பாலும் சில கிலோபைட்தான். அழிப்பதால் கம்ப்யூட்டரின் வேகம் கூடாது. நஷ்டமோ பெரிதாக இருக்கலாம். மைஎஸ்க்யூஎல் சர்வரை ரிமூவ் செய்தாலும் அதன் டேட்டாபேஸ் டிஸ்கில் தங்கும். பர்ஜ் செய்யும்போது "அதையும் அழிக்கட்டுமா?" என்று கேட்கும். படிக்காமல் சம்மதித்தால் சேர்த்து வைத்த தகவல் அத்தனையும் போய்விடும்.

படிக்காமல் சம்மதிப்பது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுதான். 2021இல், யூடியூபில் பிரபலமான லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் லினக்சில் ஸ்டீம் நிறுவ முயன்றார். முக்கியப் பேக்கேஜ்கள் நீக்கப்படும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. அதையும் மீறி அவர் ஒப்புதல் தர, டெஸ்க்டாப்பே காணாமல் போனது.

இடம்தான் பிரச்னை என்றால் வேறு இடத்தில் தேடுங்கள். பழைய கெர்னல்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மெகாபைட் பிடிக்கும். பூட் பகுதி தனியாக இருந்தால், அது நிரம்பி அப்டேட்டே நின்றுவிடும். தேவையற்ற கெர்னல்களை நீக்க ஆட்டோரிமூவ் போதும். டவுன்லோட் ஆகித் தங்கிய பேக்கேஜ் பைல்களை ஆப்ட் கிளீன் கட்டளை அழிக்கும். ஆட்டோரிமூவ் காட்டும் பட்டியலையும் முழுதாகப் படியுங்கள். உங்களுக்குத் தேவையான புரோகிராமின் பெயர் அதில் இருந்தால் "என்" தட்டி வெளியே வாருங்கள்.

"ஆர்சி" வரிகள் கண்ணை உறுத்தினால், பெயர் தெரிந்த பேக்கேஜை மட்டும், ஒவ்வொன்றாக பர்ஜ் செய்யுங்கள். அதற்கு முன் ஆப்ட் கட்டளையுடன் "மைனஸ் எஸ்" சேர்த்து ஒத்திகை பாருங்கள். எதையும் அழிக்காமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் அது காட்டும். கேள்வி கேட்காமலே சம்மதிக்கும் "மைனஸ் ஒய்" பக்கம் போகவே வேண்டாம். டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் பைலை எடிட்டரில் திறந்து வரிகளை வெட்டுவதும் ஆபத்து. பேக்கேஜ்களின் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் ஹோம் போல்டரில் உள்ள செட்டிங்சை பர்ஜ் தொடாது. அது உங்கள் சொத்து என்று லினக்ஸ் மதிக்கிறது. அழிக்கும் முன் அதே மரியாதையை நீங்களும் உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள்.