எந்தக் கடலை?



இன்றைய பிள்ளைகளிடம் 'கடலை' என்றாலே சிரிக்கிறார்கள். ஒரு பெண்ணிடம் மணிக்கணக்கில் போனில் பேசுகிறவன் 'கடலை போடுகிறான்'; பேச்சு இன்னும் நீண்டால் 'வறுக்கிறான்'. கடற்கரையில் பொட்டலத்தைப் பிரித்துக் கொறித்தபடி பேசியதில் பிறந்த சொல்லாக இருக்கலாம். அதில் நமக்கு வருத்தமில்லை. கல்லாவில் நிற்கும் பையன் போட்டால்தான் வருத்தம்.

நம் கவலை மூட்டையில் இருக்கும் கடலையைப் பற்றியது. கடலைப் பருப்பும் கடலை மாவும் கொண்டைக்கடலை இனம். கடலை எண்ணெய், கடலைப் பிண்ணாக்கு, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய், இவையெல்லாம் நிலக்கடலை. கடலைச் சட்னியோ ஒரு வீட்டில் பொட்டுக்கடலை, அடுத்த வீட்டில் வேர்க்கடலை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தார் 'மல்லாட்டை' என்று சொல்லிவிடுவதால் அங்கே குழப்பம் இல்லை. கேரளத்துக் கடைக்காரர் 'கடல' என்றால் அது புட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் கொண்டைக்கடலை.

இப்படியிருக்க, 'கடலை 5 மூட்டை' என்று மட்டும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. எங்கள் மண்டியில் திரும்பப் போன் போட்டுக் கேட்காமல் சரக்கு ஏற்றுவதில்லை. ஜி.எஸ்.டி. பில்லிலும் கொண்டைக்கடலைக்கு 0713, நிலக்கடலைக்கு 1202 என்று குறியீடே வேறு. பில் ஒன்று, மூட்டை ஒன்று என்றால் வழியில் லாரி நிற்கும்.

அதுகூடப் பணத்தோடு போகும். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் வாயில் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், உயிருக்கே ஆபத்து. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள், பாக்கெட் உணவில் நிலக்கடலை இருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாகத் தனியே குறிப்பிடச் சொல்கின்றன. நம்மில் சிலர் கடையிலேயே மிக்சர், இட்லிப் பொடி பாக்கெட் போட்டு, 'கடலை, மிளகாய், உப்பு' என்று சீட்டு ஒட்டுகிறோம். "இதில் கடலை இருக்கா?" என்று ஒரு தாய் கேட்கிறாள். பொட்டுக்கடலை போட்டிருந்தாலும் பையன் "இருக்கும்மா" என்பான். வேர்க்கடலை போட்டிருக்கும்போது, கடலைப் பருப்பை நினைத்துக்கொண்டு "இல்லை" என்றும் சொல்லிவிடுவான். இரண்டாவது பதில்தான் நம்மைப் பயமுறுத்துகிறது.

ஆகவே சிட்டை, பில், விலைப் பலகை, பாக்கெட் எதிலும் வெறும் 'கடலை' என்று எழுதுவதை விட்டுவிடுவோம். நிலக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப் பருப்பு, பொட்டுக்கடலை என்று முழுப்பெயர் எழுத நான்கைந்து எழுத்துதான் கூடும். சங்கம் அச்சடித்துத் தரும் விலைப்பட்டியலிலும் அடுத்த மாதம் முதல் இப்படியே போடலாம் என்பது எங்கள் யோசனை.