யாரோ விட்டுச் செல்லும் இடம்

சித்திரை வெயிலில் நீட் பரீட்சையை எழுதி, மதிப்பெண்ணையும் ஆனிக்குள் அறிந்துகொண்டுவிட்ட பிறகு, வைத்தியக் கல்லூரியில் பிரவேசம் உண்டா இல்லையா என்பதை மட்டும் புரட்டாசி பிறந்தும் அறியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம் தமிழ்நாட்டில் வருஷந்தோறும் ஏராளமானவர்கள். மிக நன்றாக எழுதியவர்களுக்கு முதல் சுற்றிலேயே இடம் கிடைத்துவிடுகிறது. மிகக் குறைவாக எழுதியவர்கள் ஆரம்பத்திலேயே மனத்தைத் தேற்றிக்கொண்டு வேறு படிப்பைப் பார்த்துப் போய்விடுகிறார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே, கடைசி இடத்தைப் பெற்றவருக்கு ஐந்து மதிப்பெண்ணோ பத்து மதிப்பெண்ணோ கீழே நின்றுபோன ஒரு கூட்டம் இருக்கிறது. தோற்றவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. ஜெயித்தவர்கள் என்றும் யாரும் சொல்வதில்லை.

எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகள் இந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஐயா, இந்த ரவுண்டுல நகருங்களா?" என்று கேட்கிறார். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதனால் எனக்கு ஏதோ உட்தகவல் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. என்னிடம் உட்தகவல் எதுவுமில்லை. ஆனால் காத்திருப்போர் பட்டியல் எதனால் நகருகிறது என்பதை விசாரித்து அறிந்து அவருக்கு விளக்கிச் சொல்ல முயன்றபோது, காத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கின் அடிப்படையையே அறியாமல் தவிக்கின்றன என்பது எனக்குத் தெரியவந்தது.

முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய விஷயம், இப்பட்டியலை நகர்த்தக் காத்திருப்பவர் செய்யக்கூடியது இனி ஒன்றுமில்லை என்பதே. பரீட்சை முடிந்தது; மதிப்பெண் மாறாது; தரவரிசையும் வெளியாகிவிட்டது. இனி நகருவதெல்லாம் முன்பின் அறியாத ஒருவர் தமக்குக் கிடைத்த இடத்தை விட்டுப் போவதனால்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற ஒரு மாணவர், அகில இந்தியக் கலந்தாய்வில் புதுச்சேரி ஜிப்மரோ டில்லி எய்ம்ஸோ கிடைத்து அங்கே போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விட்ட இடத்துக்கு ஸ்டான்லியில் இருந்த ஒருவர் நகருகிறார். ஸ்டான்லிக்குக் கீழ்ப்பாக்கத்திலிருந்து ஒருவர், கீழ்ப்பாக்கத்துக்குச் செங்கற்பட்டிலிருந்து ஒருவர், செங்கற்பட்டுக்கு நாமக்கல்லிலோ அரியலூரிலோ உள்ள புதிய கல்லூரியிலிருந்து ஒருவர், அந்தப் புதிய கல்லூரிக்குச் சுயநிதிக் கல்லூரியில் பணம் கட்டிவிட்டுக் கலங்கிக்கொண்டிருந்த ஒருவர் என்று, ஒரு மனிதரின் புறப்பாடு ஐந்தாறு பேரை இடம் மாற்றிய பின்னர்தான், அந்தச் சுயநிதிக் கல்லூரியின் காலியிடம் ஒன்றுமே கிடைக்காமல் நின்ற ஒருவர் கைக்கு வந்து சேருகிறது. தையற்காரரின் மகளுக்குச் சீட்டுக் கொடுக்கப் போகிறவர், அவளை ஒருநாளும் பார்த்திராத, டில்லிக்கு ரயிலேறிய ஒரு பிள்ளை.

ஆகையால் மாநிலப் பட்டியலை மாத்திரம் பார்த்துக்கொண்டிருப்பது பாதிக் கணக்குத்தான். அரசுக் கல்லூரிகளில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. உச்ச நீதிமன்றம் 1980களில் வழங்கிய தீர்ப்புகளால் வந்த ஏற்பாடு இது. அந்த ஒதுக்கீட்டில் இரண்டு சுற்று முடிந்தும் நிரம்பாத இடங்கள் முன்பெல்லாம் மாநிலத்துக்கே திரும்பி வந்தன; அந்தத் திரும்பி வரும் இடங்களை நம்பியே பலர் ஆவணி முழுவதும் உபவாசம் இருந்ததுண்டு. 2021-22ஆம் கல்வியாண்டு முதல் அந்த வழி அடைபட்டது. இப்பொழுது அகில இந்தியக் கலந்தாய்வே நான்கு சுற்றுகளாக, கடைசிச் சுற்றுக்கு 'ஸ்ட்ரே வேகன்சி' என்று பெயர் சூட்டி, இறுதிவரை மத்தியிலேயே நடத்தப்படுகிறது. இதை அறியாத உறவினர்கள் இன்னமும், "ஆல் இந்தியா சீட்டெல்லாம் கடைசியில திரும்பி வரும், கவலைப்படாதே" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய நியாயத்தைச் சொல்லும் ஆறுதல் புதிய ஏமாற்றத்துக்கு வித்திடுகிறது.

இன்னொரு நுணுக்கம் உண்டு. பட்டியல் ஒன்றல்ல, பல. நம் மாநிலத்தில் பொதுப்பிரிவுக்கு 31, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என்று சதவீதங்கள் பிரிந்திருக்கின்றன. இவற்றுக்குள்ளேயே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீதம் தனியாக உண்டு. ஒவ்வொரு ஜாபிதாவும் தன்னுடைய கதியிலே நகருகிறது. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு சிநேகிதிகளில் ஒருத்தி இரண்டாம் சுற்றில் உள்ளே போவதும், மற்றவள் கடைசிவரை வெளியே நிற்பதும் இதனால் நேருவது. யாரோ லஞ்சம் கொடுத்துவிட்டதாக அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்ளும்போது, அநேகமாக அங்கே நடந்திருப்பது இந்த எளிய வகுத்தல் கணக்கே.

போன வருஷத்துக் கட்-ஆஃபை வைத்து இந்த வருஷத்தை அளக்கும் வழக்கமும் ஒன்று இருக்கிறது. கோச்சிங் வகுப்புக்காரர்கள் இதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். 2024ஆம் வருஷம் 720க்கு 720 வாங்கியவர்கள் என்று முதலில் 67 பேர் அறிவிக்கப்பட்டு, சர்ச்சைகளுக்கும் திருத்தங்களுக்கும் பிறகு அத்தொகை 17 ஆயிற்று. அடுத்த வருஷம் வினாத்தாள் கடினமாக அமைந்ததில், நாடு முழுவதிலும் முதலிடம் பெற்றவருடைய மதிப்பெண்ணே 686தான். முந்தின வருஷத்து அளவுகோலை வைத்துக்கொண்டு 2025இல் அழுத குடும்பங்கள் எத்தனையோ; அவற்றுள் பல, சில வாரங்களுக்குப் பின் சிரித்தன. மதிப்பெண்ணைப் பார்க்காமல் தரவரிசையைப் பாருங்கள், அதிலும் உங்கள் பிரிவின் தரவரிசையைப் பாருங்கள் என்று நான் சொன்னால், "அப்ப அந்த யூடியூப்காரரு சொன்னது?" என்கிறார் தையற்காரர். அந்த யூடியூப்காரரோடு போட்டியிட எனக்குச் சக்தியில்லை.

இந்தக் காத்திருப்பு நம் காலத்துக்கு மட்டுமே வாய்த்த கஷ்டம் என்று எண்ணுவதற்கில்லை. ஆந்திரப் பகுதியும் சேர்ந்திருந்த அந்நாளைய சென்னை ராஜ்யத்தில் அரசின் வைத்தியக் கல்லூரிகள் நான்கு. அவற்றில் இருந்த இடங்கள் மொத்தம் 330. அந்த 330ஐ எவ்விதம் பங்கிடுவது என்னும் கேள்வியே சம்பகம் துரைராஜன் வழக்காக உருவெடுத்து, வகுப்புவாரியாக இடம் ஒதுக்கிய அரசாணை ரத்தாகி, 1951இல் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்துக்கே ஒரு காரணமாயிற்று. அதன் பின்னர் ஜில்லாவாரியாக இடங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 1968இல் உச்ச நீதிமன்றம் அதுவும் செல்லாது என்றது. 1984இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது; அதை நீக்கும் சட்டத்தினால் 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதுமென்றாயிற்று; 2017 முதல் நீட். விதி மாறும்போதெல்லாம் வாசலில் நிற்பவர்கள் மாறினார்களே தவிர, வாசலில் நிற்பது மாறவில்லை.

ஆயினும் நான் வாலிபனாயிருந்த காலத்து முறையை நினைத்துப் பார்த்தால், இன்றைய முறையின் மீது எனக்குச் சிறிது மரியாதை உண்டாகிறது. அன்று நேர்முகத் தேர்வு என்று ஒன்று இருந்தது. 1970-71இல் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது 75 மதிப்பெண். அறைக்குள்ளே சில நிமிஷங்கள். தகப்பனார் என்ன உத்தியோகம், எந்த ஊர், எதற்காக டாக்டராக விரும்புகிறாய் என்று சில கேள்விகள். பிறகு வெளியே வந்து, அந்த 75இல் நமக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். என்னோடு படித்தவர்களில் இரண்டு மூன்று பேர் அப்படிக் காத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். யாரைப் பார்த்தால் காரியம் ஆகும், எந்த எம்.எல்.ஏ.வின் மைத்துனருக்கு நம் பெரியப்பா பழக்கம் என்பதே அவர்கள் வீட்டில் அந்தக் கோடை முழுவதும் சம்பாஷணை. சிபாரிசு பலித்ததோ இல்லையோ, சிபாரிசு இல்லாத வீட்டார் தங்களுக்கு நியாயம் கிடைத்ததென்று கடைசிவரை நம்பவில்லை. இன்றைக்கு நீட்டின் மீது எனக்குள்ள ஆட்சேபணைகள் அநேகம்; கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் இடையே அது வளர்க்கும் தூரம் அவற்றுள் முதலாவது. ஆனால் தரவரிசை வெளியான பின்பு, ஒரு மனிதருடைய முகத்தைப் பார்த்துக் கெஞ்சவேண்டிய அவசியம் தையற்காரருக்கு இல்லை. அது சிறிய விஷயமன்று.

கெஞ்சவேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும் ஏமாறுவதற்குச் சந்தர்ப்பம் தாராளமாக இருக்கிறது. இரண்டாம் சுற்று முடிந்த மறுநாளிலிருந்து தொலைபேசி அழைக்கத் தொடங்குகிறது. "சீட் கன்ஃபர்ம், அட்வான்ஸ் மட்டும் போட்டால் போதும்" என்கிறது ஒரு குரல். பட்டியலில் உள்ளவர்களின் பெயரும் நம்பரும் இந்தக் குரல்களுக்கு எவ்விதம் கிடைக்கின்றன என்பது விசாரிக்கத்தக்கது. மாநில இடங்களை எந்தச் சுற்றிலும் ஒதுக்குவது மாநிலத் தேர்வுக் குழுதான். அதன் ஒதுக்கீட்டு ஆணை இல்லாமல் எந்தத் தரகரும் அந்த இடங்களில் யாரையும் முறைப்படி சேர்க்க முடியாது. இதைத் தையற்காரரிடம் நான் அழுத்திச் சொன்னேன். நகையை அடகு வைக்கலாமா என்ற யோசனை அவர் மனத்தில் ஓடியிருந்தது என்பதை அவர் முகம் காட்டிற்று.

காத்திருக்கும் குடும்பம் இடம் வருமுன்பே முடிவு செய்துகொள்ளவேண்டியது ஒன்றுண்டு: எந்தக் கல்லூரி வரை, எந்தக் கட்டணம் வரை சம்மதம் என்பது. அரசுக் கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரங்களில் அடங்கும் கட்டணம், சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் லட்சங்களாகவும் நிர்வாக ஒதுக்கீட்டில் பல லட்சங்களாகவும் ஆகிறது. 7.5 சதவீதத்தில் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மற்றவர்கள் தங்கள் சக்தியை முன்கூட்டியே அளந்துகொள்ளவேண்டும். ஏனெனில் இடம் வந்தபின் சேருவதற்குக் கிடைப்பது சில நாட்களே. இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்று யாவும் கையில் இருக்கவேண்டிய அந்த வேளையில், அசல் மாற்றுச் சான்றிதழ் வேறொரு கல்லூரியின் அலமாரியில் மாட்டிக்கொண்டிருப்பது வழக்கமாக நேரும் விபத்து. தையற்காரரின் மகள் கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. விவசாயம் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த படிப்பை வெறும் சத்திரமாக நினைத்துப் பெட்டியைக்கூட அவிழ்க்காமல் இருக்கும் பிள்ளைகளையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். இந்தப் பெண்ணோ முதல் மாதத் தேர்வையே ஒழுங்காக எழுதியிருக்கிறாள் என்று கேட்டபோது, பட்டியல் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றிற்று.

அதிகாரிகளைக் குறித்து ஒரு குறை. சுற்றுகளின் தேதி தள்ளிவைக்கப்படுவதும், தள்ளிவைத்த செய்தி அதற்கு முந்தின நாள் இரவில் வெளியாவதும், வழக்குகளினால் சில சமயம் தவிர்க்க இயலாதவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கல்லூரிவாரியாகவும் பிரிவுவாரியாகவும் காலியிடங்கள் வெளியாகின்றன. ஆனால் எந்தத் தரவரிசை எண்வரை சென்ற சுற்றில் இடம் சென்றது என்பதையும், அடுத்த சுற்றின் தேதியையும், பாமரனும் படித்தறியும்படி தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு வெளியிடுவதில் என்ன சிரமம்? யூடியூப்காரருடைய ஜோசியத்துக்கு அதைவிடச் சிறந்த மாற்று வேறில்லை.

இனி இடம் கிடைத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் சுற்றில் கிடைத்ததை அகில இந்தியக் கலந்தாய்வில் நஷ்டமில்லாமல் விட்டுவிடலாம்; இரண்டாம் சுற்றில் விட்டால் காப்புத்தொகை போகும்; அதற்குப் பிந்திய சுற்றுகளில் விதிகள் இன்னும் கடுமை. ஆகவே பலர் வேறிடம் போவதென்று மனத்தில் தீர்மானித்த பிறகும், "இருக்கட்டுமே" என்று கையிலுள்ளதைப் பிடித்துக்கொண்டே கடைசி நாள்வரை ஓட்டுகிறார்கள். போவதென்று தீர்மானித்துவிட்டீர்களானால், அடுத்த சுற்றுக்கான காலியிடப் பட்டியல் தயாராகும் முன்பே கல்லூரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உரிய தேதி கடந்து காலியாகும் இடத்தில் யாரையும் சேர்க்க விதி இடந்தராது. அந்த வகுப்பு நாலரை வருஷமும் ஒரு மாணவர் குறைவாகவே நடக்கும்.