புற்றில் வாழும் கறுப்புச் சிலந்தி

சிட்னியில் முதல் கோடையைக் காணப்போகும் குடும்பங்களுக்காக இம்முறை ஒரு சிலந்தியைப் பற்றி எழுதுகிறோம். சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஓடுகிறதே, அந்த ஹன்ட்ஸ்மன் அல்ல. அதன் தோற்றம்தான் பயங்கரம், ஆளுக்கு ஆபத்தில்லை. நாம் சொல்ல வருவது புனல்வலைச் சிலந்தி. சிட்னியிலும் அதைச் சூழ்ந்த கரையோரப் பகுதியிலும் கல், மரக்குற்றி ஆகியவற்றின் அடியில், ஈரமண்ணில் புற்றமைத்து வாழ்வது. பளபளக்கும் கறுப்பு நிறம். புற்று வாயிலிலிருந்து நாலாபக்கமும் நூல் இழைகளை ஓடவிட்டு, பூச்சி தட்டுப்பட்டதும் பாய்ந்து பிடிக்கும்.

பெண் சிலந்தி புற்றை விட்டு அதிகம் வெளிவராது. ஆண்தான் துணை தேடி நவம்பர் முதல் ஏப்ரல் வரை, விசேடமாக மழைக்குப் பின், இரவில் அலையும். நஞ்சு கடுமையானதும் ஆணுக்கே. வெளியே விட்ட சப்பாத்து, நிலத்தில் கிடக்கும் உடுப்பு ஆகியவற்றுள் புகுந்துகொள்ளும். உதறிவிட்டே அணியுங்கள். நீச்சல் குளத்தின் அடியில் அசையாது கிடந்தாலும் செத்துவிட்டதென்று கையால் எடுக்காதீர்கள். காற்றுக் குமிழியின் உதவியால் பல மணிநேரம் உயிரோடிருக்கும்.

கடித்தால் வாயைச் சுற்றி விறுவிறுக்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும், தசைகள் துடிக்கும். இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெரிய கறுப்புச் சிலந்தி எது கடித்தாலும் இதுவே என்று கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்குவதும் கீறுவதும் ஊரில் பலரது வழக்கம். இங்கே இரண்டும் கூடாது. அகலமான பண்டேஜை கடிவாயில் தொடங்கி கை அல்லது கால் முழுவதும் அழுத்தமாகச் சுற்றுங்கள். தடி வைத்துக் கட்டி, அசையாமல் வைத்திருங்கள். தசை அசைந்தால்தான் நஞ்சு உடலில் விரைவாகப் பரவும். ஆளை நடக்கவிடாதீர்கள். 000 இலக்கத்தை அழைத்து "அம்புலன்ஸ்" என்றும், பின் "தமிழ்" என்றும் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்கள். (முதுகில் சிவப்புக் கோடுள்ள ரெட்பேக் கடித்தால் பண்டேஜ் வேண்டாம், ஐஸ் ஒத்தடம் போதும், பின்னர் வைத்தியரிடம் காட்டலாம்.)

1927 முதல் 1980 வரை 13 பேர் இச்சிலந்தியால் இறந்ததாகப் பதிவு உண்டு. 1981இல் மெல்பேர்னில் ஸ்ட்ரூவன் சதர்லண்ட் குழுவினர் உருவாக்கிய நச்சுமுறி மருந்து பாவனைக்கு வந்தபின் ஒருவரும் இறக்கவில்லை. இந்த நஞ்சு முயலைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதனால் முயலுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்தே மருந்தை எடுக்கிறார்கள்.